சங்குக்குப் பின் எட்டு நிமிடம்

அக்கா பன்னிரண்டாவது எழுதி முடித்திருந்தாள். அவளுக்குக் காலேஜில் இயற்பியல் படிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த இரும்பு ஆலையில் மாமா கேட் செக்யூரிட்டி. அவர் பக்கத்துக் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை சொல்லி வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் அப்பாவுக்குக் கால் மணி நேரம் சாப்பாடு. நானும் அக்காவும் தூக்கில் சோறு கொண்டுபோவோம். பரீட்சை முடிந்ததிலிருந்து அவள் கேட்டுக்கு எதிரே மூன்றடி பைப்பு ஒன்றை நட்டு, சங்கு ஊதியதும் அதன் நிழலை அளந்து நோட்டில் எழுதினாள். இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்ட நூலைப் பிடித்து, பைப்பு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நிழல் நாளுக்கு நாள் குறைந்தது. சித்திரையில் ஒரு நாளைக் குறித்து, அன்று உச்சியில் நிழலே இருக்காது என்றாள்.

"நெழலு இல்லாம போச்சுன்னா காலேஜு. இல்லன்னா மாமா சொல்ற வேல," என்றார் அப்பா.

அன்று சங்கு ஊதியது. பைப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரல் நிழல் கிடந்தது.

"இன்னாடி, உன் சூரியன் லீவா?" என்றார் மாமா. டீ குடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். நான் நூலை விட்டுவிட்டேன்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"நெழலு மேற்கால கீது மாமா. அப்ப சூரியன் இன்னும் கெழக்காலதான் கீது. உங்க சங்குதான் முந்திக்கினுச்சி."

"சங்குக்கே தப்பு சொல்றா பாரு. வா மச்சான், சோறு ஆறுது."

"இருடா," என்றார் அப்பா. தூக்கைத் திறக்கவில்லை.

நின்றோம். ஒரு விரல் ஆனது. அரை விரல் ஆனது. எட்டாவது நிமிடம் பைப்பின் காலடியில் ஒன்றுமில்லை. மாமா சுற்றிச் சுற்றித் தேடினார்.

"எங்கடா நெழலு? காட்டு," என்றார் அப்பா.

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காலேஜு அப்ளிகேஷன் எங்க தராங்கன்னு கேட்டுக்கினு வரேன்."

அக்கா இன்றைக்குச் சூரியனைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள்.

அன்று எல்லோரும் குனிந்து பார்த்து முடிப்பதற்குள் மறு சங்கு ஊதிவிட்டது. அப்பா தூக்கை என் கையில் கொடுத்தார். "நீ துன்னு," என்று சொல்லி உள்ளே ஓடினார். நூல் பிடித்ததற்குக் கூலி என்று நினைத்தேன். முள்ளங்கிச் சாம்பார். ஒரு பருக்கை விடவில்லை. மாலைவரை உலை முன்னால் அவர் வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.