மைக்கின் முகத்தில் சந்தனம்

ஆயுத பூஜையன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கேசட் பதிவு நிலையத்தின் முதலாளி, அவருடைய மைத்துனர், பதிவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட நான். நான்காவது ஆள் கிடையாது. பின்னால் ராஜபாளையம் பஜாரில் பாதிப் பேர் கூடவே நின்று பார்த்ததுபோலப் பேசினார்கள். அதனால்தான் எண்ணி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேலை போய்விடுமோ என்ற பயம் சேர்ந்த முதல் நாளே என்னோடு சேர்ந்துகொண்டது. அந்த வருஷம் மனைவி வேறு மாசமாக இருந்தாள். நிலையம் அந்தப் பஜாரிலேயே ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது. மில்லில் கழித்த பஞ்சை பேண்டேஜ் துணிக்குள் திணித்துச் சுவர் முழுக்க அடித்திருந்தோம். வெளிச் சத்தம் உள்ளே வராது. முதலாளி என்னைத் திட்டுவதும் வெளியே போகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாடகி ஒருவரின் பக்திப் பாடல்களுக்காக ஒரு வெளிநாட்டு கண்டென்சர் மைக்கை மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்தோம். மேடை மைக் மாதிரி உச்சியில் வாயை வைத்து அதில் பாடக் கூடாது. அது குத்தாக நிற்கும். நாம் பக்கவாட்டில் நின்று பாட வேண்டும். மைக்கின் கம்பி வலைக்கு உள்ளே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்று தெரியும். குரலை வாங்கும் கேப்சூல் அதுதான். அதற்கும் ஒரு பக்கம்தான் முகம். இதயம்போல ஒரு குறி போட்டிருக்கும் பக்கம். மறுபக்கம் நின்று பாடினால் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல இருக்கும்.

கொடுத்தவர் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். "ஊதிப் பாக்காதீங்க தம்பி, தட்டிப் பாக்காதீங்க. ஈரம் ஆகவே ஆகாது. உள்ள இருக்கது தங்கம் பூசின சவ்வு. வெங்காயத் தோலவிட மெல்லிசு."

பூஜைக்கு டேப் மெஷின், ஆம்ப்ளிஃபயர், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் நானே பொட்டு வைத்தேன். மைக்குக்கு மட்டும் ஸ்டாண்டின் காலில் வைத்தேன். முதலாளி கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஏலே, சோறு போடுத சாமானுக்குக் கால்ல பொட்டு வைக்க? இதுக்கு முன்பக்கம் எதுலே?"

"இந்தக் குறி இருக்க பக்கம் அண்ணாச்சி."

பாடகிக்குச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பதில். யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலில் அள்ளி, வலையின் மேல் பட்டையாக இழுத்தார்.

"அண்ணாச்சி, அதுல ஈரம்..."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத, மூதி. எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் எடுக்கு."

மைத்துனர் சிரித்தார். "விடுங்க மச்சான், மைக்குக்குச் சளி பிடிச்சிரும்னு பயப்படுதான்."

துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் பூஜை முடியாமல் தொடக் கூடாதாம். தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றார். சந்தனம் வலைக் கண்களுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று பொரி, கடலை எதுவும் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் பாடகி முதல் வரியைப் பாடினார். ஹெட்போனில் எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல ஒரே இரைச்சல். மைக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். குரல்தான் தூரப் போனது. இரைச்சல் அப்படியே இருந்தது. பாடகி முகத்தைச் சுளித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மைக்கைக் கொடுத்த மதுரைக்காரர் வந்து திருகாணிகளைக் கழற்றினார். தங்கச் சவ்வின் மேல் மஞ்சளாக ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

"யாருங்க இந்த வேலையப் பாத்தது?"

"இவன்தான் சார்," என்றார் முதலாளி, கண் இமைக்காமல். "ஆமா சார், என் கண்ணால பாத்தேன்," என்றார் மைத்துனர்.

"அண்ணாச்சி, நீங்கதான..."

"மொகம் இதுன்னு காட்டினது யாருலே? நீ காட்டாம எனக்கு எப்படித் தெரியும்?"

தான்தான் வைத்ததாக அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அது எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அந்த நேரத்தில், முகத்தைக் காட்டியது நான்தானே என்றுதான் பட்டது. பயந்தவனுக்குப் பிறர் குற்றத்திலும் தன் பங்கு ஒன்று தெரிந்துவிடுகிறது.

புதுக் கேப்சூலுக்கு ஆறாயிரம் என்று பேசி முடித்தார்கள். "ஒன் சம்பளத்துல மாசம் எரநூறு பிடிச்சுக்கிடுதேன். இஷ்டமில்லன்னா இன்னைக்கே கெளம்பு," என்றார் முதலாளி. மனைவியின் வயிற்றை நினைத்துத் தலையாட்டினேன்.

பதினான்கு மாதம் பிடித்தார். அதன் பிறகு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரைக்காரரைப் பார்த்தேன். பாக்கியைச் சீக்கிரம் கட்டிவிடுவேன் என்று நானாகப் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"என்ன பாக்கி? உங்க முதலாளி வாடகையே பாதிதான் குடுத்தாரு. கேப்சூல நான் என் கைக்காசப் போட்டு மாத்திட்டேன். அவரு ஒத்தப் பைசா தரல தம்பி."

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். பயந்துகொண்டேதான் மாடி ஏறினேன். ஆனால் ஏறினேன்.

"பிடிச்ச பணத்தக் குடுங்க அண்ணாச்சி."

"எந்தப் பணம்லே?"

"மதுரைக்காரருக்குக் குடுக்கேன்னு பிடிச்சீங்கள்ல, அது."

"சாமானக் கெடுத்தவனுக்குப் பணம் வேற கேக்கோ? கணக்கு எழுதி வச்சிருக்கியோ? போய்க் கோர்ட்டுல கேளு, போ."

மைத்துனர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். அன்றோடு வேலையை விட்டேன். பயந்துகொண்டிருந்தது நடந்து முடிந்தபோது பயம் போய்விட்டது, ஆத்திரம் போகவில்லை. அதற்குப் பிறகு நேரில் மூன்று முறை கேட்டேன். ஒரு முறை அவர் மகள் கல்யாணப் பந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் இன்னும் வர வேண்டும்.