வீட்டுக்குத் தராத ஊசி

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடிந்து என் மனைவி வீடு திரும்பியபோது, வலிக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை பழகிவிட்டால் ஆளை விடாது என்று எங்களுக்குத் தெரியாது. அவள் சாந்தோமில் ஒரு பள்ளியில் டீச்சர். நாள் முழுக்க நின்றே பாடம் எடுக்கிறவள். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனாள். வலி குறைந்த பிறகும் மாத்திரை குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவளை எழுப்பப் போனேன். அசையவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. எப்போதோ ஒரு மூச்சு, அதுவும் குறட்டை மாதிரி இழுத்து வந்தது. எதிர் வீட்டில் தையல் வேலை செய்யும் முஸ்லிம் அக்கா ஓடி வந்தார். இரண்டு பேருமாக அவளை ஆட்டோவில் ஏற்றினோம்.

எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார். சொன்னேன். நர்ஸ் ஒரு சின்ன ஆம்பூலை உடைத்து ஊசி போட்டார். மாத்திரையின் மயக்கத்தை முறிக்கிற மருந்து, நலோக்சோன் என்று பிறகு சொன்னார்கள். நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் அவள் இருமிக்கொண்டு கண் விழித்தாள். விழித்ததும் என் மேல் எரிந்து விழுந்தாள். "எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க? உடம்பெல்லாம் வலிக்குது."

டிஸ்சார்ஜ் அன்று அந்த டாக்டரைத் தேடிப் போனேன்.

"அந்த ஊசி ரெண்டு கொடுங்க டாக்டர். வீட்ல வெச்சிருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆனா ஆட்டோவுக்கு ஓடிட்டிருக்க முடியாது."

அவர் தலை குனிந்துகொண்டார். "வெளிநாட்ல மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயா கொடுத்து அனுப்பறாங்க சார். இங்க அந்த வழக்கம் இல்ல. இது வார்டு ஸ்டாக். நான் எடுத்துக் கொடுக்க முடியாது. மாத்திரையை நீங்களே வெச்சிருந்து கொடுங்க. அதுதான் வழி."

ராயப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். ஆஸ்பத்திரி சப்ளை, வெளியில் வராது என்றார்கள். ஒரு கடையில் பக்கத்தில் நின்றவன், "இன்னா நைனா, போதை மேட்டரா?" என்று சிரித்தான். இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க நாங்கள் பார்த்த அடையாறு டாக்டர் சீட்டு எழுதி, எங்கேயோ சொல்லி இரண்டு ஆம்பூல் வரவழைத்துக் கொடுத்தார். அங்கிருந்த நர்ஸ் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். "தொடையோட வெளிப்பக்கம். போட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். இதோட வேகம் சீக்கிரம் இறங்கிடும், திரும்ப மயங்கிடுவாங்க."

பகலில் நான் பாண்டி பஜார் பக்கம் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பேன். அதனால் அவளுக்குத் தெரியாமல் எதிர் வீட்டு அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லி, ஊசி போடும் விதத்தையும் காட்டி வைத்தேன். ஆம்பூலையும் சிரிஞ்சையும் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். என் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை. "வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள்.

ஒரு மதியம் கடையில் இருந்தபோது அக்கா போன் செய்தார். "தம்பி, கதவு திறந்து கிடக்குது. டீச்சரை எழுப்பினா எழுந்திருக்கல. அன்னைக்கு மாதிரியே இழுக்குது."

"ஃப்ரிட்ஜ் மேல டப்பா இருக்குக்கா. எடுத்துப் போடுங்க."

"மேல ஒண்ணும் இல்லியே தம்பி!"

கண்ணாடி வாங்க வந்தவர் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. காதில் மாட்டியிருந்த போனில் என் வீட்டுச் சத்தமெல்லாம் கேட்டது. பீரோ கதவு, சமையலறை டப்பாக்கள் உருளும் சத்தம், கன்னத்தில் தட்டும் சத்தம். "டீச்சர், கண்ணைத் திறம்மா. யா அல்லா, கண்ணைத் திறம்மா." நான் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். எதற்கு அடித்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. பிழைத்தாள். ஆனால் மூச்சில்லாமல் கிடந்த நேரம் எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேசும்போது சொல் பாதியில் நின்றுவிடுகிறது. கரும்பலகை முன்னால் இனி அவள் நிற்க முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் பூட்டி வைத்தது போக மாத்திரை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டப்பா குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் இருந்தது. அதைக் காட்டினேன். "இது என்ன?" என்றாள். ஒளித்து வைத்தாளா, வைத்ததையே மறந்துவிட்டாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டாவது டிஸ்சார்ஜிலும் வீட்டுக்கு ஊசி கேட்டேன். வேறு டாக்டர். "அப்படிக் கொடுக்கறதில்ல சார்" என்றார்.

இப்போது டப்பா அக்கா வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தங்கை வீட்டுக்குப் போகிற நாட்களில் நான் கடை திறப்பதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூங்குகிறவளின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பார்க்காதீங்க" என்பாள், கண்ணைத் திறக்காமலே. சரி என்பேன். வேறு என்ன செய்வது, பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.