கம்பு வந்தது, வண்டி வரவில்லை

ரோட்டு வேலையில் கொடி பிடிக்கிறவளுக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. குழி வெட்டுகிறவர்கள் கூட்டமாக வெட்டுவார்கள். தார் போடுகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்பார்கள். கொடிக்காரி தள்ளி நிற்க வேண்டும். அவள் தள்ளி நின்றால்தான் அவர்களுக்குப் பத்திரம்.

காலையில் தோப்பும்படியில் வேன் ஏறுவேன். களமசேரி தாண்டி இறக்கிவிடுவார்கள். அங்கே பாதி ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் ஒரு பக்கத்து வண்டிகள் போய் முடிந்த பிறகுதான் மறுபக்கத்தை விட முடியும். நடுவில் ஒரு வளைவு. இந்த முனையில் நான். அந்த முனையில் ஒரு மலையாளத்துச் சேட்டன். அவர் வேறு வண்டியில் வந்து வேறு வண்டியில் போகிறவர். முகம் சரியாகத் தெரியாது.

பேசுவதற்குக் கொடுத்த வாக்கி டாக்கி முதல் மழையிலேயே கெட்டுப்போனது. கொடி பிடிக்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் அதைக் காலையிலேயே வாங்கி வேனில் வைத்துவிடுவார். அதனால் ஒரு கம்பு. நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். சேட்டன் தன் பக்கத்தை விடும்போது கடைசி வண்டிக்காரர் கையில் அதைக் கொடுப்பார். கம்பு என் கைக்கு வந்தால் வழி காலி என்று அர்த்தம். பிறகு நான் என் பக்கத்தை விட்டு, கடைசி வண்டியில் கம்பைத் திருப்பி அனுப்புவேன். நாள் முழுக்க அவரும் நானும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

கொச்சங்காடியில் என் அறையிலும் பேச்சு கிடையாது. கீழே இஞ்சி குடோன். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. அந்தப் பக்கத்து வண்டிகள் வந்து ஓய்ந்தன. கம்பு வரவில்லை. நின்றேன். பிறகு ஒரு பைக் வந்தது. பைக்குகள் எந்தக் கொடிக்கும் நிற்பதில்லை, பின்னாலேயே நுழைந்து வந்துவிடும். ஓட்டி வந்தவர் கம்பை நீட்டினார்.

"யாரு குடுத்தது?"

"ஒரு காருக்காரி. வளவில் நிந்நுபோயி," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கார் வளைவில் நின்றுபோய்விட்டது. அந்த இடத்தில் ஒதுங்க வழியில்லை. ஒரு பக்கம் வெட்டிய குழி, மறுபக்கம் மதில். இங்கிருந்து போகிற வண்டிக்கு வளைவு திரும்பிய பிறகுதான் கார் தெரியும். ஈர ரோட்டில் அதற்குப் பிறகு பிரேக் போட்டுப் பிரயோசனமில்லை.

சிவப்புக் கொடியை நான் இறக்கவில்லை.

என் வரிசையில் முதலில் ஒரு தமிழ்நாட்டு லாரி, அதற்குப் பின்னால் பஸ். தினமும் போகிறவர்களுக்குக் கம்பின் கணக்கு தெரியும். லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"யக்கா, அதான் கம்பு வந்துருச்சே. இன்னும் என்னா ஐயனாரு மாதிரி நிக்கிற?"

"கம்புதான் வந்துருக்கு. வண்டி வரல."

பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "சேச்சீ, உறங்ஙிப்போயோ? ஆளுகள்க்கு ஓபீஸில் போணம்!" பஸ்ஸுக்குள் சிரித்தார்கள்.

நான் பார்க்கப் போனால் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். போகாவிட்டால் காரில் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. லாரிக்காரரிடம் போனேன்.

"தம்பி, லாரியக் குறுக்கப் போடு. நான் போயி பாத்துட்டு வரேன்."

"என் லாரி என்ன ஒனக்கு ரயில்வே கேட்டா?"

"வளைவுல ஒரு பொம்பள நிக்குது. மொதல்ல போறது ஒன் லாரிதான்."

அவர் ஸ்டியரிங்கை ஒடித்து லாரியைக் குறுக்கே போட்டார். பஸ்காரர் மலையாளத்தில் திட்டியது வளைவு வரைக்கும் கேட்டது.

அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தட்டினேன்.

"எறங்குங்க."

"மழயல்லே சேச்சி? வண்டி எடுக்கான் ஆளு வரும்."

"மழை ஒண்ணும் பண்ணாது. எறங்கி மதில் பக்கம் வாங்க."

இறங்கினார். குழிக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். "கொடிக்காரி எடத்த விட்டு நடந்து வர்றாடா. ஒலகம் அழியப்போவுது," என்றான் ஒருவன். ஆனாலும் ஏறி வந்து காரை என் முனைக்குத் தள்ளினார்கள். லாரிக்காரர் காரைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். வண்டியை நேராக்கி, "வர்றேங்க்கா," என்றார். அவ்வளவுதான். வரிசை போனது. கடைசி வண்டிக்காரரிடம் கம்பைக் கொடுத்து, நடந்ததை அந்தச் சேட்டனிடம் சொல்லச் சொன்னேன்.

கார் ஓரத்தில் நின்றது. வருகிறவர்களுக்கு அடையாளமாகக் கிளைகளை ஒடித்து அதற்குப் பின்னால் போட்டேன். அந்தப் பெண் மறுபடி காருக்குள் உட்காரப் போனார். விடவில்லை. நின்ற வண்டிக்குள் இருப்பதைவிட வெளியே தள்ளி நிற்பது நல்லது. என் பக்கத்தில் வந்து குடையை விரித்தார். பாதி குடை என் மேல்.

"ஆ கம்பு எந்தினா?" அந்தக் கம்பு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவசரமான சாமான் என்று நினைத்துத்தான் பைக்கில் கொடுத்தனுப்பியதாகச் சொன்னார்.

"நல்லதுக்குத்தான் குடுத்தீங்க. இனிமே வண்டி நின்னா கம்பு ஒங்க கையிலயே இருக்கட்டும்."

காரை ஏற்றிப் போகிற வண்டி மத்தியானம்தான் வந்தது. அதுவரைக்கும் அவர் என்னோடு நின்றார். எங்கே தங்கியிருக்கிறேன், என்ன சமைப்பேன் என்றெல்லாம் கேட்டார். "இங்ஙனே ஒற்றைக்கு நிந்நால் மடுக்கில்லே?" தனியாக நின்றால் சலிக்காதா என்று.

"வண்டி வருதுல்ல," என்றேன். சிரித்தார்.

நான் கொடி மாற்றும்போது கம்பை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வேலையில் என் கையிலிருந்து ஒன்றை வாங்கிப் பிடித்துக்கொள்ள அதற்கு முன்னால் ஆள் இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து சேட்டன் கம்பு கொடுக்கும்போது, வண்டி நின்றால் கொடுத்தனுப்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாராம். வந்த டிரைவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்குக் காரை ஏற்றியதும் அந்தப் பெண் கம்பை என்னிடம் தந்துவிட்டு அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறினார். வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். பதிலுக்கு ஆட்ட எனக்குக் கை காலியில்லை. ஒரு கையில் கம்பு. மறு கையில் பச்சைக் கொடி, இன்னும் சுருட்டியபடி. அதைத் தூக்கினால் வரிசை கிளம்பிவிடும். அவர் வண்டி இன்னும் ரோட்டில் குறுக்கே இருந்தது.

தூக்கவில்லை.