பிக்குவுக்கு ஆங்கிலம்

இலங்கையிலிருந்து மொன்றியலுக்கு அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் கம்போடியப் பெண் ஓர் உதவி கேட்டாள். ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்தவள் என்று அவளுக்குத் தெரியும். தங்கள் விகாரையில் இருக்கும் பிக்குவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும், சம்பளம் கிடையாது என்றாள். சம்மதித்தேன்.

வீட்டில் அண்ணை கொதித்தார். "உனக்கென்ன விசரே? அந்தக் காவியைக் கண்டாலே எனக்குக் கலவரத்தில எங்கட கடை எரிஞ்சதுதான் ஞாபகம் வருது."

"எனக்கும்தான் வருது அண்ணை. ஆனா இவரும் எங்களை மாதிரி ஓடி வந்தவர். நான் போறன்."

விகாரை என்பது ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. பிக்கு எழுந்து வந்தபோது என் கால்கள் திரும்பத்தான் பார்த்தன. பெண்ணின் கையிலிருந்து அவர் நேரே எதையும் வாங்க மாட்டார் என்று தோழி சொல்லியிருந்தாள். கரும்பலகையில் எழுதும் சோக்கட்டியை மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்.

பிரெஞ்சு அவருக்கு ஓரளவு வரும்; எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். பிறகு ஆங்கிலம் எதற்கு என்று கேட்டேன். ஒட்டாவாவில் ஒரு கம்போடியர் சாகக் கிடந்தார். அவருடைய மகளுக்குத் தாய்மொழி மறந்து ஆங்கிலம்தான் வாயில் வந்தது.

"ஓதிவிட்டு ஊமையாக இருக்க முடியாது," என்றார். "அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும்."

"'ஐ ஆம் சாரி' என்று சொல்லலாம்."

"நான் என்ன பிழை செய்தேன்?"

அதை விட்டுவிட்டு, "உன் அப்பாவை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்" என்பதைப் பழக்கினேன். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். விடாமல் திருப்பிச் சொல்ல வைத்தேன். அவரும் சலிக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் முகம் வாடியிருந்தது. "அப்பாவுக்கு நொந்ததா என்று கேட்டாள். விளங்கியது. பதில் சொல்ல என்னிடம் சொல் இல்லை."

அன்றிலிருந்து வகுப்பை வாரத்தில் இரண்டு நாளாக்கினேன்.

"பேந்தும் போறியே?" என்றார் அண்ணை.

"ஓம்."

அவர் கடைசிவரை அந்த விகாரைப் படியில் கால் வைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நூறாம் நாள் சடங்குக்குப் பிக்கு மறுபடி ஒட்டாவா போனார். "கொஞ்சம் நொந்தது, பிறகு நின்றுவிட்டது" என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னாராம். அவள் அழுதாளாம். அழுது முடித்துத் தன் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாளாம்.

"அதில் பாதி விளங்கவில்லை," என்று என்னிடம் முறையிட்டுக்கொண்டே சோக்கட்டியை எடுத்தார். "இன்றைக்குப் பள்ளிக்கூடச் சொற்கள்."