சித்தப்பாவின் பீங்கான் பல்

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்த வருஷம் அது. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரில் நெல் முற்றியும் அறுக்க ஆளில்லை. வெளியூர் ஆட்களை இறக்கப்போன இடத்தில் அடிதடி. மறுநாள் கூலியாள் ஒருவர் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். அன்றிலிருந்து என் சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தார். பல்வலி என்றார்கள். எனக்கு ஏழு வயது, நம்பினேன்.

எனக்குப் பால்பல் ஆடுகிறதென்று ஊருக்குச் சொல்லிவிட்டு என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். ஆனால் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தது அவர்தான். பாதி உடைந்திருந்த முன்பல்லின் மேல், முன்பே அளவெடுத்துச் செய்துவைத்திருந்த பீங்கான் பல்லை உறைபோல் மாட்டினார் டாக்டர். நிறமெல்லாம் ஒத்துத்தான் இருந்தது. ஆனால் புதுக் கோப்பைபோல் பளபளத்தது. எதிர் ஜன்னல் அதில் தெரிந்தது. சித்தப்பா சும்மா இருக்கும்போதும் அந்தப் பல் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது வேணாங்க. பக்கத்துப் பல்லு மாதிரியே இருக்கணும்.”

“எல்லாரும் பளபளன்னுதாங்க கேப்பாங்க” என்றபடி டாக்டர் அதைக் கழற்றிக் கல் சக்கரத்தில் உரசினார். பல் சுண்ணாம்புக்கட்டியாய் வெளுத்துச் செத்துப்போனது. “இப்படியே சொரசொரப்பா விட்டா வெத்தலைக் கறை ஏறிடும்” என்று ரப்பர் சக்கரத்தில் கொஞ்சமாக மெருகேற்றினார். மறுபடி மாட்டியபோது அந்தப் பல்லைக் காணோம். சித்தப்பாவின் வாய் நிறைய அவருடைய பற்களே இருந்தன.

பஸ்ஸில், “ரெண்டு முன்பல்லுல எது பொய்ப்பல்லு, சொல்லு பாப்போம்” என்றார். தப்பாகச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது, என்ன?” என்றார். விளையாட்டு என்று தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே இறந்தவரின் மனைவி. வாய்க்கால் கரையில் கிடைத்த பல் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

“கொஞ்சம் சிரிங்கய்யா” என்றார் இன்ஸ்பெக்டர்.

சித்தப்பா சிரித்தார். நல்ல வெயில். அந்த அம்மா கிட்டே வந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். உடைசலும் இல்லை, மினுக்கலும் இல்லை.

“பாத்தாச்சில்ல?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “பாப்பா, அதெல்லாம் அவரு பல்லுதானா?”

“எல்லாம் சித்தப்பா பல்லுதான்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். வாசல் தாண்டியதும் அந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னைப் பிடித்துப்போய்விட்டது போலும் என்று நினைத்து, சித்தப்பாவின் தோளிலிருந்து கையசைத்தேன்.