மூச்சில் எழுந்த கை

என் கணவருக்கு விபத்து நடந்த காலையில் நான் ஆய்வகத்தில் எலியின் நரம்பு செல்களுக்கு ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அறுபட்ட நரம்பு எப்படித் திரும்ப வளர்கிறது, ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று ஆராய்வதுதான் என் வேலை. அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போவார். அன்று மழை. பெடரல் ஹைவேயில் சறுக்கி விழுந்தார். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது தோள் தரையில் மோதி இழுபட்டதில், கைக்குப் போகும் நரம்புகளில் சில முதுகுத்தண்டோடு சேரும் இடத்திலேயே பிய்ந்துவிட்டன. விரல்களுக்குப் போகிறவை பிய்யவில்லை, ஆனால் நைந்துபோயிருந்தன.

மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்க ஆரம்பிக்கும் முன்பே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

அவர் படுத்தபடியே கேட்டார். “நீ இதத்தானே படிக்கிற? வளருமா?”

“வளருங்க.”

“எவ்ளோ வேகமா?”

“ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அதுவும் எல்லாம் சரியா இருந்தா.”

கூரையைப் பார்த்தபடி சொன்னார். “நம்ம கிள்ளான் எல்ஆர்டி ரயில் மாதிரி லா. கட்டுறாங்க, கட்டுறாங்க, வந்தபாடில்ல.”

சிரித்தேன். சொல்ல வேண்டிய மீதியை விழுங்கிவிட்டேன். தோளிலிருந்து விரல் வரை நரம்பு நடந்து வருவதற்குள் விரல்களின் தசை காத்திருந்து காத்திருந்து ஓய்ந்துவிடும். என் ஆய்வே அந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான். தசையை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். எலியில் கொஞ்சம் முடிகிறது. மனிதரிடம் இன்னும் இல்லை.

முழங்கையை மடக்கும் தசைக்காக அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் மூச்சுக்காக வேலை செய்யும் நரம்புகளில் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மேல்கையில் இணைத்தார்கள். “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க அங்கிள், கை தூக்கணும்னு நினைச்சுக்கிட்டே இழுங்க” என்று பயிற்சி கொடுத்த பெண் வாராவாரம் சொன்னாள். அவர் இழுத்தார். மார்பு ஏறியது, இறங்கியது. கை தொட்டிலில் கிடப்பதுபோல், கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டுக்குள் கிடந்தது.

பல மாதங்கள் அப்படியே போயின. ஒரு சனிக்கிழமை பிற்பகல் காய்ந்த துணிகளை நான் மடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்த அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். வலது கை மடியிலிருந்து துள்ளியது. இருவரும் அந்தக் கையையே பார்த்தோம்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன். இன்னொரு தடவ விடுங்க.”

வராத கொட்டாவியை வரவழைத்து விட்டார். மறுபடியும் துள்ளியது. தாடை வலிக்கும்வரை விட்டார். கண்ணில் நீர் வந்தது, கொட்டாவியாலா வேறெதாலா என்று தெரியவில்லை. நான் மடித்த துணியையெல்லாம் கலைத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இருமினால் கை எழுந்தது. தும்மினால் எழுந்தது. பெருமூச்சு விட்டாலும் எழுந்தது. அதுதான் எங்கள் வாழ்க்கையை மாற்றியது.

மனதில் இருப்பதைச் சொல்கிற மனிதர் அல்ல அவர். துறைமுகத்திலேயே அலுவலக வேலை கொடுத்திருந்தார்கள். “நல்லதுதான், ஏர்கோன்ல உக்காந்து வேல” என்பார். கிரேனைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காரோட்டிக்கொண்டு போகும்போது தூரத்தில் துறைமுகக் கிரேன்களின் கழுத்துகள் தெரிந்தன. அவருடைய வலது கை மெல்ல மடங்கி மேலே வந்து, மெல்ல இறங்கியது.

“என்னங்க?”

“ஒன்னுமில்ல, மூச்சு.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவராகவே சொன்னார்: “மேல இருந்து பாத்தா கடல் வேற மாதிரி இருக்கும் மா. கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

கல்யாணமான இத்தனை வருடங்களில் அவர் ஏக்கத்தை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அதன்பிறகு அந்தக் கையைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பால்கனியில் நிற்கும்போது அது எழுந்தால் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

மூளை அப்படியே இருந்துவிடாது. மூச்சுக்கு ஒரு பாதை, கைக்கு ஒரு பாதை என்று அது மெதுவாகப் பிரித்துப் பழகிக்கொள்ளும். புத்தகத்தில் படித்ததை வீட்டில் பார்த்தேன். மூச்சே இழுக்காமல், பேசிக்கொண்டே முழங்கையை மடக்கினார் ஒரு நாள். பயிற்சிப் பெண் கைதட்டினாள். நானும் கைதட்டினேன். கொஞ்ச நாளில் இருமினாலும் தும்மினாலும் கை அசையவில்லை.

மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவர் பால்கனியில் நின்று ரயில்கள் போவதைப் பார்க்கும்போது கை பேசாமல் தொங்குகிறது. ஒரு முறை கேட்டே விட்டேன்.

“பெருமூச்சு விட்டீங்களா?”

“அதுக்கும் பெர்மிட் வாங்கணுமா?” என்று சிரித்தார். அவர் குணமானதில் எனக்கு ஒரு துக்கம் இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு கொமுட்டர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பழக்கத்தில் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்திருந்தேன். குளிர்ந்து போயிருந்தது. ஷா ஆலம் தாண்டிய பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார்.

“எப்பயிருந்து புடிச்சிருக்க?”

“ஏறினதுலேர்ந்து.”

இடது கையால் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். “வெரலுக்கு வராது, இல்ல?”

“வராதுங்க. நேரம் தாண்டிருச்சு.”

“எப்ப தெரியும்?”

“ஸ்கேன் பாத்த அன்னிக்கே வராதுன்னுதான் தோணுச்சு. தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். “எனக்கும் தெரியும் லா. எல்லாத்துக்கும் தேதி சொல்ற ஆளு நீ. வெரலுக்கு மட்டும் சொல்லவே இல்ல.” பிறகு, “இந்தப் பக்கம் வந்து உக்காரு” என்றார்.

எழுந்து இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். இடது கையால் என் விரல்களைப் பிடித்து அழுத்தினார். வெதுவெதுப்பாக, நன்றாக வலிக்கும்படி அழுத்தினார். எனக்குப் போதும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் கல்யாண மேடையில் என் கையைப் பிடித்தது வலது கை. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை என் கண், அவர் மடியில் விரல் விரித்துக் கிடந்த அந்தக் கையின் மேலேயே இருந்தது.