முன்கூட்டியே சொன்ன நன்றி

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வழிகாட்டவென்று ஒரு பெண்மணி இருந்தார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒருமுறையாவது அவருடைய அறைக் கதவைத் தட்டுவார்கள். நானும் போனேன். ஏன் டொக்டராக விரும்புகிறேன் என்று என்னைப் பற்றி நானே எழுதிக் கொடுக்கவேண்டிய ஸ்டேட்மென்ட்டை எப்போது தொடங்குவது என்று கேட்டேன். குளிர் விட்டதும் தொடங்கு என்றார். அனுப்புவது இலையுதிர்காலத்தில்தான், ஆனாலும் முதலில் எழுதுவதெல்லாம் குப்பையாக வரும், குப்பையை எறியவும் நேரம் வேண்டும் என்றார். நான் எழும்பிய பிறகு இன்னொன்றும் சொன்னார். "சிறுவயதிலிருந்தே" என்று மட்டும் தொடங்காதே, எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் விஷயம் சிறுவயதிலிருந்தேதான். சிறுவயது என்னுடையது, விருப்பம் அம்மாவுடையது. ஏழெட்டு வயதில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தில் அப்பா மைக்கை வாங்கி, "எங்கட பிள்ளை டொக்டராத்தான் வருவா" என்று சொன்னார். அன்றோடு எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பாதிப் பேருக்கு என் பெயர் மறந்து போயிற்று. கோயில் வாசலில் யாராவது "டொக்டர்" என்றால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன்.

வேறு ஏதாவது ஆசை இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிக்க எனக்கு நன்றாக வரும். என் கெட்டகாலம், அப்படி ஒரு ஆசையும் இருக்கவில்லை. உயிரியலில் நல்ல புள்ளிகள் வந்தன. சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆட்களைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அது பிடித்துத்தான் இருந்தது. அதற்காக டொக்டராக வேண்டுமா என்று யாரிடம் போய்க் கேட்பது? வேண்டாம் என்பதற்கும் என்னிடம் காரணம் இல்லை, வேண்டும் என்பதற்கும் இல்லை. நடுவில் நின்றேன்.

குளிர் விட்டது. வாசலில் குவித்திருந்த பனி கறுத்துக் கரைந்து ஓடியது. நான் பேஸ்மெண்டில் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வரி எழுதுவேன், வாசிப்பேன், அழிப்பேன். அம்மா தேத்தண்ணியோடு படியிறங்கி வருவார்.

"துவங்கீட்டியோ?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ஏன் விருப்பமெண்டு எழுதுறதுதானே. உனக்குத் தெரியாததே?"

கோப்பையை வைத்துவிட்டு மேலே போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதப் போகிறவள் நான், தெரிந்தவர் அவர்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மற்றவர்கள் மாதாவிடம் கேட்பார்கள், கேட்டது கிடைத்தபின் நன்றிப் பூசை கொடுப்பார்கள். அம்மா நன்றியை முதலே சொல்லிவிடுவார். "கேட்டுக்கொண்டு நிண்டா மாதா யோசிப்பா. நன்றி எண்டு சொல்லிப்போட்டா தரத்தானே வேணும்" என்பார். டொலார்டில் இந்த வீட்டை வாங்க வங்கி சம்மதிப்பதற்கு முன்னமே வீட்டுக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். அப்பாவின் பித்தப்பையை எடுப்பதற்கு முன்னமே அவர் சுகமானதற்கு ஒப்புக்கொடுத்தார். வீடும் கிடைத்தது, அப்பாவும் எழும்பிப் புவாண்ட்-கிளேரில் தன் கிடங்கு வேலைக்குத் திரும்பினார். மாதாவிடம் அம்மா ஒருமுறையும் தோற்றதில்லை. அதனால் எனக்கு அவருடைய செபத்தைப் பற்றி எப்போதும் ஒரு பயம் உண்டு.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை தொடங்க முதல் சுவாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். இறந்தவர்களுக்காக, ஒரு கலியாண நாளுக்காக. பிறகு என் பெயர் வந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தமைக்கு மாதாவுக்கு நன்றியாகப் பெற்றோர் ஒப்புக்கொடுக்கும் பூசை என்றார். இதே பெயரில் வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று நான் உண்மையிலேயே சுற்றிப் பார்த்தேன். பார்த்தால் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். முழங்கையால் இடித்தேன்.

"பூசைக்க கதைக்காதை" என்றார், கண்ணைத் திறக்காமல்.

பூசை முடிந்து மண்டபத்தில் ரீயும் ரோல்சும். கையில் கோப்பையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். பாடகர் குழுவில் பாடும் மாமி ஒருவர் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார். அவருடைய கணவர் கதிரையை இழுத்துப் போட்டுக் காற்சட்டையை மடித்து, நோகிற முழங்காலை என்னிடம் காட்டினார்.

"மாமா, எனக்கு இன்னும் கிடைக்கேல்லை. நான் இன்னும் அப்ளிக்கேஷனே போடேல்லை."

"பாருங்கோவன் பிள்ளையின்ர அடக்கத்தை" என்றார் மாமி.

இன்னொருவரிடமும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்ல பிள்ளையாகிக்கொண்டே போனேன். அப்பா சுவரோரம் நின்று, குடித்து முடித்த கோப்பையை மறுபடி மறுபடி வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மைக் பிடித்ததும் இதே மண்டபத்தில்தான்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் திருத்தவேலை. செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே கார்கள் அசையாமல் நின்றன. அப்பா ஓட்டினார், அம்மா பக்கத்தில், நான் பின்னால்.

"நான் இன்னும் ஒரு வரி எழுதேல்லை, அம்மா. ஒரு வரி."

"எழுதினாப் போச்சு. கிடைக்கும்."

"கிடைக்காட்டி?"

"கிடைக்கும்."

"கிடைச்சா?" என்றேன்.

அப்பா ரேடியோவை நிறுத்தினார். நான் முன்னிருக்கைகளுக்கு நடுவே குனிந்தேன். "ஏன் விருப்பமெண்டு அவங்கள் கேக்கிறாங்கள். எனக்கு ஏனெண்டு தெரியேல்லை. விருப்பமோ எண்டே தெரியேல்லை. அதுதான் எழுதேலாமக் கிடக்கு."

அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"மாதாவிட்ட எல்லாம் சொன்னனான்" என்றார் கடைசியில். "உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, என்ன."

பிறகு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். இருக்கைப்பட்டி அவர் கழுத்தை இறுக்கியது.

"விருப்பமோ பிள்ளை?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ வருடம் காத்திருந்தேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பதில்கூடப் பழகியிருந்தேன், நல்ல சூடான பதில்கள். அம்மாவின் மடியில் கடதாசியில் சுற்றிய இரண்டு ரோல்ஸ் இருந்தன. மண்டபத்தில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எனக்காக எடுத்துவந்தவை. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. கார் இன்னும் நகரவில்லை.

"ஓம்" என்றேன்.

அம்மா மூச்சு விட்டார். "பாத்தீங்களே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கடதாசியைப் பிரித்து ஒரு ரோல்சைப் பின்னால் நீட்டினார். "பேந்தென்ன, போய் எழுது."

அதைச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு கீழே போனேன். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அன்று பின்னேரம்தான் நான் அழிக்காமல் விட்ட முதல் வரியை எழுதினேன். "சிறுவயதிலிருந்தே" என்று தொடங்கினேன்.